மாண்டசேனோவின் மூன்று பையன்கள்: சிற்றூரில் பங்க் பிறக்குமா?

பிப்ரவரி 11, 2023

நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பங்க் என்பது நியூயார்க்கிலும் லண்டனிலும் பிறந்த இசை. சிற்றூர்ப் பையன்கள் வாசித்தது அதன் நகல்தானே? மெல்வின்ஸ் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இரண்டாவது வரியிலேயே உலகப் புகழ்பெற்ற நிர்வாணா குழுவுக்குத் தாவிவிடுகிறார்கள். அந்தக் குழுவுக்கென்று தனிக் கதை ஏதாவது உண்டா?"

உண்டு. கேள்வியின் முதல் பாதி எனக்குக் கோபத்தையும் இரண்டாம் பாதி வருத்தத்தையும் தருகிறது. வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியாவில் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். அந்தக் குழு பிறந்த ஊர் என் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். முதலில் கதையைச் சொல்கிறேன், வாதத்தைப் பிறகு பார்க்கலாம்.

மாண்டசேனோ, கிரேஸ் ஹார்பர் மாவட்டத்தின் தலைமையிடம். 1980களின் தொடக்கத்தில் மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம். ஒரு நீதிமன்றக் கட்டடம், அதன் உச்சியில் கடிகாரம், சுற்றிலும் மரம் வெட்டும் காடுகள். அமெரிக்காவின் முதல் 'மரப் பண்ணை' என்று 1941இல் அறிவிக்கப்பட்ட காடு இந்த ஊர்ப்பக்கம்தான் இருக்கிறது. இங்கே வளர்ந்த பஸ்ஸ் ஆஸ்போர்ன், மாட் லூகின், மைக் டில்லார்ட் ஆகிய மூவரும் 1983இல் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். ஆஸ்போர்ன் கிடார், லூகின் பேஸ் கிடார், டில்லார்ட் டிரம்ஸ். ஆரம்பத்தில் ஹென்ட்ரிக்ஸ், தி ஹூ ஆகியோரின் பாடல்களை வாசித்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாளிலேயே அதை விட்டுவிட்டு, கிடைத்த வேகத்தில் எல்லாம் பங்க் வாசிக்க ஆரம்பித்தார்கள்.

பெயர் வந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆஸ்போர்ன் ஊரில் இருந்த த்ரிஃப்ட்வே மளிகைக் கடையில் வேலை பார்த்தார். அங்கே மெல்வின் என்று ஒரு மேற்பார்வையாளர். கூட வேலை செய்தவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவர் பெயரையே குழுவுக்கு வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரில் உள்ள குறும்பு, அந்தக் கடையில் சாமான் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். லண்டனிலிருந்து நகல் எடுத்தவர்கள் இப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 12

"அபர்டீன் குழு என்றுதானே எங்கும் போட்டிருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். பிறந்தது மாண்டசேனோவில். டில்லார்ட் விலகி, 1984இல் டேல் குரோவர் டிரம்ஸுக்கு வந்த பிறகு ஒத்திகை அவருடைய ஊரான அபர்டீனுக்கு மாறியது. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 17 கிலோமீட்டர். வெளியூர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பதினாறு வயதில் கையில் வண்டி இல்லாதவனுக்கு 17 கிலோமீட்டர் என்பது வேறு நாடு.

பிப்ரவரி 14

இனி அந்த வாகன நிறுத்துமிடம்.

1983 கோடை. த்ரிஃப்ட்வே கடைக்குப் பின்னால் வண்டிகளை நிறுத்தும் வெற்றிடம். அங்கேதான் மெல்வின்ஸ் இலவசமாக வாசித்தார்கள். பின்னாளில் நிர்வாணாவைத் தொடங்கிய கர்ட் கோபேனுக்கு அப்போது 16 வயது. கடை ஊழியர் ஒருவர் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்ததால் போனார். அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள் 2002இல் புத்தகமாக வந்தபோது இந்த மாலையைப் பற்றிய பக்கமும் அதில் இருந்தது. இசையை இவ்வளவு வேகமாக வாசிக்க முடியும் என்று தான் கற்பனைகூடச் செய்ததில்லை என்கிறார். தன்னிடமிருந்த அயர்ன் மெய்டன் இசைத்தட்டுகளில் இல்லாத வீரியம் இதில் இருந்தது என்கிறார். இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்கிறார்.

எல்லோரும் இத்தோடு மேற்கோளை முடித்துக்கொள்கிறார்கள். அதே பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கூட நின்றவர்களுக்கு இசை பிடிக்கவில்லை. சலிப்போடு, "டெஃப் லெப்பர்ட் பாட்டு ஒன்று வாசியுங்கள்" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். வானொலியில் தினமும் ஓடுகிற பாட்டைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

நான் அந்த மாலையைக் கோபேன் நின்ற இடத்திலிருந்து பார்க்க விரும்பவில்லை. எதிரே வாசித்துக்கொண்டிருந்த மூவரின் இடத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். எதிரே நிற்பவர்கள் பள்ளிக்கூடத்தில் நாளும் பார்க்கிற முகங்கள். வாசித்துக்கொண்டிருப்பதோ நீங்கள் வேலை பார்க்கிற கடையின் கொல்லைப்புறம். மறுநாள் காலை அதே ஆட்களுக்குப் பையில் சாமான் போட்டுக் கொடுக்க வேண்டும். பெருநகரத்தில் வாசிப்பவன் பிடிக்காதவர்களை மறுபடி பார்க்க வேண்டியதில்லை, அடுத்த தெருவில் வேறு கூட்டம் கிடைத்துவிடும். மாண்டசேனோவில் அடுத்த தெருவே இல்லை. அந்த நிலையில் டெஃப் லெப்பர்ட் வாசிக்காமல் தங்கள் பாட்டையே தொடர்ந்தார்கள் பாருங்கள், நகல் என்ற சொல்லுக்கு என் பதில் அதுதான்.

பிப்ரவரி 19

நேற்று மகளை அழைத்துக்கொண்டு மாண்டசேனோவுக்குப் போய்வந்தேன். அவளுக்குப் பதினைந்து வயது, டிரம்ஸ் பழகுகிறாள்.

ஒலிம்பியாவை விட்டு மேற்கே போகும்போது, எல்மா தாண்டும் வேளையில் மரங்களுக்கு மேலே இரண்டு பிரம்மாண்டமான சிமெண்ட் கோபுரங்கள் தெரியும். சாட்சப் அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள் அவை. உயரம் ஒவ்வொன்றும் 496 அடி. ஒருநாள்கூட மின்சாரம் தயாரிக்காதவை. 1982 தொடக்கத்தில் ஓர் உலையின் கட்டுமானம் நின்றது, 1983இல் மற்றதும் நின்றது. அதே 1983 ஜூலையில், கட்டிக்கொண்டிருந்த அமைப்பு 225 கோடி டாலர் கடன் பத்திரங்களைத் திருப்பித் தர முடியாமல் கைவிரித்தது. அமெரிக்க நகராட்சிக் கடன் வரலாற்றில் அதுவரை நடந்தவற்றில் அதுவே மிகப் பெரியது. சாட்சப் கட்டுமானத்தை நம்பி அந்த மாவட்டத்துக்கு வந்த வேலைகள் அத்தோடு போயின. மரத் தொழிலும் அதற்கு முன்பே தள்ளாடிக்கொண்டிருந்தது. மளிகைக் கடைக்குப் பின்னால் அந்தப் பையன்கள் வாசித்த கோடை, அந்தக் கோடைதான்.

மகள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கோபுரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். "உள்ளே நின்று டிரம்ஸ் அடித்தால் எப்படி எதிரொலிக்கும் அப்பா?" என்று கேட்டாள். எனக்குக் கடன் பத்திரம் நினைவுக்கு வந்த இடத்தில் அவளுக்கு எதிரொலி நினைவுக்கு வந்தது.

மாண்டசேனோவில் மழை. கரையோரம் அபர்டீன் வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். ராமநாதபுரம் பக்கம் வளர்ந்த எனக்கு இந்த மழை இன்னும் பழகவில்லை. இடி கிடையாது, காற்று கிடையாது. சல்லடையில் மாவு சலிப்பதுபோல் நாள் முழுக்க விழுந்துகொண்டே இருக்கிறது. கடைத்தெருவுக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். தார் தரையில் வெள்ளைக் கோடுகள் பாதி அழிந்திருந்தன. தள்ளுவண்டி ஒன்று யாரும் எடுத்துப் போகாமல் நின்றது. அதன் அடித்தட்டில் அரை விரல் உயரத்துக்கு மழைநீர். மகள் சுவரோரம் குனிந்து குனிந்து எதையோ தேடினாள். என்னவென்று கேட்டேன். "பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். வெளியே வாசிக்க வேண்டுமென்றால் முதலில் அதுதானே வேண்டும்" என்றாள்.

பிப்ரவரி 20

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "வேலையின்மைதான் பங்க் இசையைப் பெற்றெடுத்தது, நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்" என்கிறார். இல்லை ஐயா. நான் கோபுரங்களைப் பற்றி எழுதிய வேகத்தில் அப்படி ஒரு பொருள் வந்துவிட்டது. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

அந்தக் காலத்தில் வேலை போன மர ஊர்கள் அந்தக் கரையோரம் முழுக்க இருந்தன. எல்லா ஊரிலும் மெல்வின்ஸ் முளைக்கவில்லை. வறுமை இசையைத் தானாகப் பெற்றெடுத்துவிடாது. ஆஸ்போர்ன் என்ற ஒரு பையன் எங்கிருந்தோ இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்தான், கேட்டான், பிறருக்குக் கேசட்டில் பதிந்து கொடுத்தான். கோபேனுக்குப் பங்க் இசையை அறிமுகம் செய்தது அப்படிப்பட்ட கேசட்டுகள்தான். அதே வட்டாரத்தில் குடியேறி, பின்னாளில் நிர்வாணாவில் பேஸ் கிடார் வாசித்த கிறிஸ்ட் நோவோசெலிக் பங்க் கேட்டதோ இன்னும் சுற்றுவழியில். 1980இல் பெற்றோர் அவரைக் குரோவேஷியாவில் உள்ள சாதார் நகரத்துக்கு உறவினர்களிடம் அனுப்பினார்கள், அங்கே காதில் விழுந்தது. ஓர் ஊருக்குள் இசை நுழைய ஏதாவது ஒரு கை வேண்டும். இங்கே அந்தக் கை யாருடையது என்பது தெளிவாகத் தெரிகிறது. அதைப் பொருளாதாரம் என்று பெயரிட்டு மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 26

வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மெல்வின்ஸ் செய்த பெரிய காரியம் வேகத்தைக் கைவிட்டதுதான்.

1984இல் கலிஃபோர்னியாவின் பங்க் குழுவான பிளாக் ஃபிளாக்கின் 'மை வார்' இசைத்தட்டு வந்தது. முதல் பக்கம் வழக்கமான வேகம். இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாடல்கள், ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல், சேற்றில் காலை இழுத்து நடப்பதுபோல் மெதுவாக. பங்க் ரசிகர்களில் பலருக்கு அந்தப் பக்கம் பிடிக்கவில்லை. அதே ஆண்டு பிளாக் ஃபிளாக் சியாட்டிலில் வாசித்தபோது ஆஸ்போர்ன், லூகின், கோபேன் மூவரும் போனார்கள். கோபேன் செலவுக்காகத் தன் இசைத்தட்டுகளை விற்றார் என்பார்கள். அதற்குப் பிறகு மெல்வின்ஸ் இசை மெதுவாகிக்கொண்டே போனது. 1986இல் முதல் இசைத்தட்டு, 1987இல் முதல் முழு நீளத் தொகுப்பு. அதற்குள் மளிகைக் கடைக் கொல்லையில் கேட்ட வேகம் கிட்டத்தட்ட போய்விட்டது. யானை நடக்கிற நடை வந்துவிட்டது.

இது எவ்வளவு கடினம் என்பது எனக்கு மகளால்தான் புரிந்தது. எங்கள் கார் கொட்டகையில் பழைய டிரம்ஸ் ஒன்று கிடக்கிறது. குச்சிகளின் முனை பிளந்து, கறுப்பு நாடா சுற்றி வைத்திருக்கிறாள். கம்பளத்தில் மரச் சிராய்கள். தாளம் எண்ணும் கருவியை நிமிடத்துக்கு 180இல் வைத்து அடித்தாள், அமர்க்களமாக இருந்தது. பிறகு 60க்கு இறக்கச் சொன்னேன். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே முழுதாக ஒரு நொடி. நான்காவது சுற்றிலேயே முந்திக்கொண்டுவிட்டாள். மறுபடி முந்தினாள். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "நடுவில் என்ன செய்வது என்றே தெரியவில்லை அப்பா" என்றாள். வேகமாக அடிக்கும்போது ஒரு பிழையின் மேல் அடுத்த அடி விழுந்து மூடிவிடும். மெதுவாக அடிக்கும்போது பிழை அந்த ஒரு நொடி முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கும். டேல் குரோவர் இதை இருபது வயதுகூட ஆகாத பருவத்தில் செய்தார்.

இங்கேதான் சிற்றூரில் இருந்தது அவர்களுக்கு உதவியது என்று நினைக்கிறேன். சியாட்டிலில் வாரந்தோறும் மேடை ஏறியிருந்தால், கூட்டம் துள்ளிக் குதிப்பதற்கேற்ற வேகத்தில் வாசித்திருப்பார்கள். இங்கே எப்படி வாசித்தாலும் பெரும்பாலோருக்குப் பிடிக்கப்போவதில்லை. யாருக்காக வேகமாக வாசிக்க வேண்டும்?

பிப்ரவரி 27

"யாருக்காக" என்று நேற்று முடித்தது சரியில்லை. யாருமே கேட்காத இடத்தில் அவர்கள் வாசிக்கவில்லை. டேல் குரோவரின் பெற்றோர் வீட்டில், பின்பக்கத்துச் சிறிய அறையில் ஒத்திகை. அதைக் கேட்க ஊர்ப் பையன்கள் சிலர் தினமும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு பட்டப்பெயரே இருந்தது, 'ஒட்டிக்கொண்டவர்கள்' என்ற பொருளில். கோபேனும் அவர்களில் ஒருவர். ஆக, கூட்டம் இருந்தது. ஓர் அறைக்குள் அடங்குகிற கூட்டம். அந்தப் பெற்றோரைப் பற்றி நான் படித்த எந்த இசை வரலாற்றிலும் ஒரு பத்திகூடக் கிடையாது. வீட்டின் பின்னறையில் நாள்தோறும் அந்த ஓசையைத் தாங்கிக்கொண்டார்கள். எனக்கு வாரம் மூன்று நாள் மாலை ஒரு மணி நேரம்தான். அதற்கே காது அடைத்துப்போகிறது.

மார்ச் 5

பயிலும் பிள்ளைகளுக்குப் பயன்படும் செய்தி ஒன்று.

கிடாரின் ஆறாவது கம்பி, தடித்தது, வழக்கமாக ஈ (E) சுரத்தில் இருக்கும். அதை ஒரு முழுச் சுரம் இறக்கி டீ (D) சுரத்தில் வைத்தால், தடித்த மூன்று கம்பிகளையும் ஒற்றை விரலால் குறுக்கே அழுத்தினாலே கனமான ஒலி ஒன்று கிடைத்துவிடும். விரலை இடம் மாற்றினால் போதும், ஒலி அப்படியே நகரும். நான்கு ஆண்டு பயிற்சி இல்லாதவனும் மலை சரிவதுபோன்ற ஓசையை எழுப்பலாம். இந்த வித்தை அதற்கு முன்பே இருந்ததுதான். சியாட்டில் வட்டாரத்துக் குழுக்களுக்குள் இதைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஆஸ்போர்ன். சவுண்ட்கார்டன் குழுவின் கிடார் கலைஞர் கிம் தாயில், இதை ஆஸ்போர்னிடமிருந்துதான் தெரிந்துகொண்டதாகச் சொல்லியிருக்கிறார். தாயிலின் பெற்றோர் கேரளத்திலிருந்து வந்தவர்கள், அவர் பிறந்தது சியாட்டிலில்.

நகரத்திலிருந்து ஊருக்கு இசை போகும் என்பது கேள்வி கேட்டவரின் கணக்கு. இங்கே மூவாயிரம் பேர் வாழ்ந்த ஊரிலிருந்து நகரத்துக்குப் போயிருக்கிறது.

1986இல் சியாட்டிலின் சி/இசட் நிறுவனம் ஆறு குழுக்களைச் சேர்த்து 'டீப் சிக்ஸ்' என்று ஒரு தொகுப்பு வெளியிட்டது. சவுண்ட்கார்டன், கிரீன் ரிவர், மால்ஃபங்க்ஷன், ஸ்கின் யார்ட், யூ-மென், கூடவே மெல்வின்ஸ். மலையும் மழையும் தாண்டி வந்து மெல்வின்ஸ் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தார்கள்.

மார்ச் 7

கோபேன் மெல்வின்ஸில் சேரவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். முயன்றார். வாசித்துக் காட்டும் நாளில் பாடல்கள் எல்லாம் மறந்துபோய்விட்டன. மெல்வின்ஸ் பயணம் போன வேனின் பக்கவாட்டில் பேனாவால் கிஸ் குழுவினரைப் படமாக வரைந்தவரும் அவர்தான். 1988 ஜனவரி 23 அன்று நிர்வாணா சியாட்டிலில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தபோது டிரம்ஸ் வாசித்தவர் டேல் குரோவர். ஒரே பிற்பகல், கட்டணம் 152 டாலர் 44 சென்ட்.

பார்த்தீர்களா, நானும் நிர்வாணாவுக்கு வந்துவிட்டேன். இந்தப் பதிவை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். செய்திகள் உண்மை என்பதால் விட்டுவைக்கிறேன். ஆனால் இனி எழுதுவது மெல்வின்ஸைப் பற்றி மட்டும்.

மார்ச் 19

"அவர்களும் கடைசியில் ஊரை விட்டு ஓடினார்களே" என்ற வாதம். ஆமாம், போனார்கள். 1980களின் பிற்பகுதியில் ஆஸ்போர்னும் குரோவரும் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். லூகின் உடன் போகவில்லை, 1988இல் சியாட்டிலின் மட்ஹனி குழுவில் சேர்ந்தார்.

ஊரை விட்டுப் போனவனைப் பற்றி எனக்குக் கடுமையாகப் பேச முடியாது. நானும் போனவன்தான். பதினேழு வயதில் பெட்டியோடு பஸ் ஏறியபோது திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. ஊர் நமக்குள் எங்கே இருக்கிறது என்பது இருபது ஆண்டு கழித்துத்தான் தெரிகிறது. பேச்சில், பயத்தில், யாரையும் நம்பாத பழக்கத்தில், திடீரென்று வெளிப்படும்.

மெல்வின்ஸிடம் அது எப்படி வெளிப்பட்டது என்பதற்கு என்னால் ஒன்றைக் காட்ட முடியும். 1993இல் அட்லாண்டிக் என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனார்கள். அங்கே மூன்று தொகுப்புகள் போட்டார்கள், அத்தோடு உறவு முடிந்தது. அதற்காக நிற்கவில்லை. 2012இல் ஐம்பது மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலுமாக 51 நாட்களில் 51 நிகழ்ச்சிகள் வாசித்தார்கள். அலாஸ்காவும் ஹவாயும் அதில் அடக்கம். ஆஸ்போர்னுக்கு அப்போது 48 வயது. காலை ஷிப்டுக்குப் போகிறவனைப்போல் வேனில் ஏறி வேலைக்குப் போயிருக்கிறார்கள். மளிகைக் கடையில் பை கட்டிக் கொடுத்தவர்களின் ஒழுங்கு அது என்று நான் நம்புகிறேன்.

மார்ச் 20

நேற்று எழுதியதை மனைவி படித்துவிட்டு, "ஒழுங்கு என்றால் ஒழுங்கு. அதற்கு ஏன் ஊரைக் காரணம் சொல்ல வேண்டும்? நகரத்தில் பிறந்தவர்கள் உழைக்க மாட்டார்களா?" என்று கேட்டாள். அவள் மதுரையில் பிறந்தவள். அவள் சொல்வது சரி. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் படிக்காமல் விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 2

இதுவரை யாரும் கேட்காத ஆள் ஒருவர் இருக்கிறார். மைக் டில்லார்ட். முதல் டிரம்ஸ் கலைஞர்.

குழு பெயர் பெறுவதற்கு முன்பே விலகிவிட்டவர். இந்த வகைக் கதைகளில் அப்படிப்பட்டவர்கள் இரண்டாவது அத்தியாயத்தில் காணாமல் போவார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. டில்லார்ட் காலத்தில் கேசட்டில் பதிந்த பழைய பாடல்களை 2005இல் தனித் தொகுப்பாக வெளியிட்டார்கள். வெளியிட்டது பிளாக் ஃபிளாக் காலத்திலிருந்தே பெயர் பெற்ற ஆல்டர்னேட்டிவ் டென்டகிள்ஸ் நிறுவனம். கேட்டுப் பாருங்கள். பதிவு கரடுமுரடு. பாட்டு தொடங்கியதும் முடிந்துவிடுகிறது. டிரம்ஸ் ஓர் அடி முன்னால் ஓடுகிறது, கிடார் துரத்துகிறது. மூன்று பையன்கள் ஒருவரை ஒருவர் மூச்சு வாங்க வைக்கிறார்கள்.

அதைவிடப் பெரிது 2013இல் நடந்தது. ஆஸ்போர்னும் குரோவரும் டில்லார்டை மறுபடி அழைத்துவந்து டிரம்ஸில் உட்காரவைத்தார்கள். முப்பது ஆண்டுகளாக அந்தக் குழுவின் டிரம்ஸை வாசித்து உலகப் பெயர் வாங்கிய குரோவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, பேஸ் கிடாரை எடுத்துக்கொண்டார். அப்படி ஒரு முழுத் தொகுப்பு வெளிவந்தது. 2021இல் அதே மூவரும் இன்னொன்றும் வெளியிட்டார்கள். இந்த அணிக்கு 'மெல்வின்ஸ் 1983' என்று பெயர்.

அந்த எண்ணைப் பாருங்கள். கோபேன் நின்று கேட்ட ஆண்டு என்று நாம் நினைவில் வைத்திருக்கும் எண். அவர்களுக்கு அது நண்பனோடு வாசித்த ஆண்டு. குரோவர் நாற்காலியை விட்டு எழுந்த அந்தக் காட்சியை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் இரவில் தூக்கம் வராதபோது அதை நினைத்துக்கொள்கிறேன். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் பெயர் வந்த விதம் என்று பிப்ரவரியில் எழுதினேன். மாற்றிக்கொள்கிறேன், இதுதான்.

ஏப்ரல் 3

திருத்தம். பிளாக் ஃபிளாக் குழுவுக்கும் ஆல்டர்னேட்டிவ் டென்டகிள்ஸுக்கும் முடிச்சுப் போட்டதுபோல் நேற்று எழுதிவிட்டேன். பிளாக் ஃபிளாக் இசைத்தட்டுகளைப் போட்டது எஸ்எஸ்டி நிறுவனம். ஆல்டர்னேட்டிவ் டென்டகிள்ஸ், டெட் கென்னடீஸ் குழுவினர் 1979இல் தொடங்கியது. சுட்டிக்காட்டிய தம்பிக்கு நன்றி.

மே 14

மகளும் அவள் வகுப்புத் தோழிகள் இருவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆறாவது கம்பியை டீக்கு இறக்கி வைத்திருக்கிறார்கள். பாட்டு மூன்று இருக்கிறது, ஒன்றுக்குத்தான் முடிவு இருக்கிறது. மற்ற இரண்டும் யாராவது நிறுத்தும்போது நிற்கும். பெயர் இன்னும் வைக்கவில்லை. வைத்தாலும் உங்களுக்குப் புரியாது, பள்ளிக்கூடத்து உணவுக்கூடம் சம்பந்தப்பட்டது என்கிறாள்.

ஜூன் 11

நேற்று எங்கள் வீட்டு முன்புறத்தில் வாசித்தார்கள். பதினைந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கிவந்து, கொட்டகைச் சுவரிலிருந்து இழுத்துக் கொடுத்தேன். மழைக்கு முன்னெச்சரிக்கையாக ஆம்ப்ளிபயர் மேல் பிளாஸ்டிக் தாள், நான்கு மூலையிலும் செங்கல். கேட்க வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஐந்து பேர் பெற்றோர். இரண்டு பையன்கள் சைக்கிளில் வந்து நடைபாதை ஓரமாக நின்றார்கள்.

முதல் பாட்டு தொடங்கியதும் என் கண் அந்தச் சைக்கிள் பையன்கள் மேல் போய்விட்டது. உயரமானவன் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை, ஆனால் போகவும் இல்லை. முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இவன்தானோ, இவனுக்குள் இப்போது ஏதோ நடக்கிறதோ என்று. நான்கு மாதமாக இங்கே எழுதியது எல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பையன் ஒரு கட்டத்தில் கைப்பேசியைப் பார்த்தான், நண்பனிடம் ஏதோ சொன்னான், இருவரும் மிதித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

திரும்பினால் கைதட்டல். மூன்று பாட்டும் முடிந்திருந்தது.

மகள் முகமெல்லாம் வியர்வையோடு வந்து, "இரண்டாவது பாட்டு எப்படி இருந்தது அப்பா? நடுவில் மெதுவாக்கினோமே, அது தெரிந்ததா?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது பாட்டு காதில் விழுந்தது, நான் கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு தோழிகள் பக்கம் திரும்பி, "இரண்டாவது மறுபடியும்" என்றாள். ஒருத்தி கிடாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டிருந்தாள், மறுபடி எடுத்தாள். பெற்றோர்களில் மூன்று பேர் வண்டியை நோக்கி நடக்கத் தொடங்கியவர்கள் நின்றார்கள். நான் டிரம்ஸிலிருந்து நான்கடி தள்ளி, கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

மெதுவாகிற இடத்தில் அவள் முந்தவில்லை. குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு, அந்த ஒரு நொடி முழுவதும் காத்திருந்தாள்.